ஏற்றுவது அவர், இறக்குவது என் மகள்

பதினொன்று இருபதுக்கு என் கைப்பேசி மேசை இழுப்பறைக்குள் அதிர்ந்தது. தேர்வு அறையின் கடிகாரம் எனக்கு நேர் எதிரே மாட்டியிருந்ததால் நேரம் சரியாக நினைவிருக்கிறது. பதினோராம் வகுப்புக்குக் காலாண்டுத் தேர்வு. கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது, சற்றுக் கழித்து இன்னொரு முறை. முதல் வரிசைப் பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினேன். அறைக்குள் யாரும் கைப்பேசியைத் தொடக் கூடாது என்று அன்று காலை மைக்கில் அறிவித்தது நான்தான்.

இருபது நிமிடம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பள்ளி கூடலூரில், குமுளி போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. நாள் முழுக்க லாரியும் பேருந்தும் ஜீப்பும் போகும், எங்கள் காதுக்கு அதெல்லாம் பழக்கம். இது வேறு. அடித்தொண்டையில் கனைத்துக்கொண்டே போவதுபோல ஒரு சத்தம். கடைசி பெஞ்சுப் பையன்கள் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். "பேப்பரைப் பாருங்க" என்றேன். 

அது என் மகளின் கார். கம்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து வந்து, மலையடிவாரத்து லோயர் கேம்ப் பக்கம் போனது. காருக்கு விலை மதிக்க வந்தவரை உட்காரவைத்து ஒரு சுற்றுக் காட்டுகிறாள், கூடலூரைத் தாண்டியதும் திரும்பிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திரும்பி வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டே கால் ஆயிற்று. வரவில்லை. பக்கத்து அறை ஆசிரியரை ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். ஆனால் எதற்கு என்று கேட்பார். அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அது முந்தின நாள் மாலை நான் செய்த காரியம்.

கார் வந்த கதை சின்னது. என் கணவரின் பெரியப்பா ஏலக்காய் வியாபாரி. மலைமேல் தோட்டத்தை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடம் அவர் அதை வாங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். சிவப்பு நிறம், துணிக்கூரை, நீண்ட மூக்கு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு அது எங்கள் வீட்டுக்கு வந்து, தார்ப்பாய்க்குள் பல வருடம் கிடந்தது. என் மகள் ஆட்டோமொபைல் படித்தாள், இப்போது அல்லிநகரத்தில் ஒரு ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டு அந்தக் காரை ஓடவைத்துவிட்டாள்.

எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். நான் அந்தக் காரின் உயரத்தைத்தான் பார்த்தேன். அதன் கதவு என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். துணிக்கூரை இற்றுப்போயிருந்தது, உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கரம் அவள் முகத்துக்கு நேரே சுற்றும். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்டுக்குப் பக்கத்தில், செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல, குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். விற்றுவிடு, விற்றுவிடு என்று ஒரு வருடம் சொன்னேன். என் கணவருக்கு ஒசூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார், அவர் இதில் பட்டும் படாமலும் இருந்தார். கடைசியில் ஒரு நாள் அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள்.

"சரிம்மா. வெவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்து பாக்கட்டும். பத்து லட்சத்துக்கு மேல மதிப்புச் சொன்னாகன்னா குடுத்துர்றேன். ஒரு ரூவா கொறஞ்சாலும் வண்டி இங்கனதான் நிக்கும். அப்புறம் நீ வாயத் தெறக்கக் கூடாது."

"சரி" என்றேன். அந்த நிமிடத்திலிருந்து அந்தக் காரின் விலை ஏற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. பணத்துக்காக இல்லை. அந்த விலை வந்தால் வண்டி போய்விடும். வண்டி போனால் என் பிள்ளை உயிரோடு இருப்பாள். என் மனம் அப்படித்தான் கணக்குப் போட்டது.

கோயம்புத்தூரில் ஒருவர் இருப்பதாக உடன் வேலை செய்யும் ஆசிரியை சொன்னார். பழைய கார்களைப் பார்த்து மதிப்புச் சொல்வது அவருடைய தொழில். மகளுக்குத் தெரியாமல் நான் முதலில் அவரிடம் போனில் பேசினேன். நான் வணிகவியல் நடத்துகிறேன். தேய்மானம் என்றால் வருடா வருடம் கழிந்துகொண்டே போய்க் கடைசியில் இரும்பு விலைக்கு வந்து நிற்கும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"உங்க பாடத்துல இருக்கறது தினம் ஓடற வண்டிக்குங்க மேடம். இது வேற. எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் புக்குல இருக்கறது தானான்னு பார்ப்பேன். கைக்குட்டையில காந்தத்தைச் சுத்தி பாடி பூராவும் தடவுவேன். எங்க வழுக்குதோ அங்க பெயிண்டுக்கு அடியில பட்டி இருக்குன்னு அர்த்தம். சீட்டு, மீட்டர், விளக்கு, கண்ணாடி எல்லாம் அந்த வண்டியோடதா இருக்கணும். எவ்வளவு ஒரிஜினலோ அவ்வளவு விலை. வேற வண்டிச் சாமான் மாட்டியிருந்தா கழிச்சுக்குவேனுங்க."

"ஓட்டிப் பார்ப்பீங்களா?"

"தேவையில்லீங்க. நின்ன எடத்துலயே பாத்துச் சொல்லிருவேன்."

வேற வண்டிச் சாமான். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் ஜீப்புகளின் ஊர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் ஓடி ஓடி, இங்குள்ள பட்டறைகளில் எந்த வண்டி பழுதானாலும் ஜீப் சாமானைச் செதுக்கி மாட்டிச் சரிசெய்துவிடுவார்கள். எங்கள் காரிலும் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஜீப்புடையது. காலால் மிதித்தால் எண்ணெயைத் தள்ளிச் சக்கரங்களைப் பிடிக்கவைப்பது அதுதான். என் மகளும் கம்பத்துப் பட்டறைக்காரரும் சேர்ந்து மாட்டியது. காரோடு வந்த பழையது மண்ணெண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பால்பவுடர் டப்பாவில் இருந்தது.

முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மகள் அல்லிநகரத்தில் வேலையில் இருந்த நேரம் பார்த்து, பட்டறைக்காரரை வீட்டுக்கு வரவழைத்து, கார் நிற்கும் செட்டில் வைத்து அந்த டப்பாவை அவர் கையில் கொடுத்தேன்.

"எதுக்கு டீச்சரக்கா, நல்லா இருக்கிறதப் பிரிக்கச் சொல்றீக?"

"பழசு இருந்தாத்தான் விலை வருமாம்."

"வெல வரும். வண்டி நிக்கணும்ல?" என்று அவரே சிரித்துக்கொண்டார். பிறகு அதைப் பிரித்து உள்ளே இருந்த ரப்பரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "பாருங்க, கருவாடு மாதிரி காஞ்சு கெடக்கு."

"மாட்டினாப் பிடிக்குமா?"

"நாலு தடவ பிடிக்கும். அஞ்சாவது தடவ அதுக்கு மனசு இருந்தாப் பிடிக்கும்."

"நாளைக்கு ஒரு நாள்தான். அவர் பாத்துட்டுப் போனதும் ஜீப்போடதையே மாட்டிருங்க."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். நான் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தவள். மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "செட்டுக்குள்ளருந்து வாசலுக்கு, வாசல்லருந்து செட்டுக்கு. அதுக்கு மேல ஒரு அடி வேண்டாம். பாப்பாட்ட மறக்காமச் சொல்லிருங்க."

"சொல்லிர்றேன்."

சொல்லவில்லை. அன்று இரவு அவள் வந்ததும் செட்டுக்குப் போய், விளக்கைப் போட்டுக்கொண்டு மீட்டர் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அப்போதே கழற்றிப் பழையபடி மாட்டிவிடுவாள். நாளைக்கு அவர் நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டுப் போகப் போகிறார், பிறகு என்ன என்று நினைத்தேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது கார்ச் சாவி ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே செருப்பைப் போட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். எடுக்காத அழைப்பு ஒன்று. அதற்கு அடுத்து அவள் குரலில் ஒரு செய்தி.

"அம்மா, அவுக வந்துட்டாக. ரொம்ப நல்லாப் பாக்குறாக, காந்தத்த வச்சு ஒரு எடம் விடல. ஓட்டிப் பாக்க வேண்டாம்னுதான் சொன்னாக, நான்தான் விடல. எங்க ஊர்ல மலையேத்தாம வண்டிக்கு வெல சொல்ல மாட்டாக சார்னு சொல்லிட்டேன். குமுளி வரைக்கும் போறோம். இங்கன இருந்தே அவுகதான் ஓட்டி ஏத்துறாக, நான் எறக்குறேன்." கடைசியில் ஒரு சிரிப்பு. பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

இது எங்கள் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டாத விஷயம். ஜீப்போ டெம்போவோ பைக்கோ, பழைய வண்டி எதுவானாலும் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஒருமுறை ஏற்றி இறக்காமல் யாரும் விலை பேசி முடிக்க மாட்டார்கள். ஏறும்போது வாங்க வந்தவர் ஓட்டுவார், எஞ்சினின் பலம் அவருக்குத் தெரிய வேண்டும். மேலே ஒரு டீ. இறங்கும்போது விற்கிறவர் வீட்டு ஆள் ஓட்ட வேண்டும். வண்டியில் கள்ளம் இருந்தால் வீட்டு ஆள் இறக்கப் பயப்படுவார் என்பது கணக்கு. சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம். ஆனால் அந்தக் காரை நான் வண்டி என்றே நினைக்கவில்லை. விலை போட்டு அனுப்ப வேண்டிய ஒரு பண்டமாகத்தான் நினைத்தேன். அதனால் அந்த வழக்கம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அவளுக்கு வந்திருக்கிறது.

அவளை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி ஓய்ந்தது. பட்டறைக்காரரை அழைத்தேன். பின்னால் சுத்தியல் சத்தம்.

"மலைக்குப் போயிருக்காக" என்றேன்.

"யாரு?"

"பாப்பாவும் அவரும். கார்ல."

சுத்தியல் நின்றது. "நீங்க சொல்லலயா?"

"சொல்லல."

 சுத்தியலைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லக்கா. அது பத்திப் பயப்படாதீக" என்றார். இறங்குவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "மேல ஜீப் ஸ்டாண்டுல நம்ம ஆளுக இருக்காக. போன் போட்டு மறிக்கச் சொல்றேன். செவப்பு, கூரை இல்லாதது, பொம்பளப் பிள்ளை ஓட்டும். தப்ப முடியாது. நான் பைக்க எடுத்துட்டு வர்றேன், நீங்க எங்கனயும் போகாதீக."

பள்ளி வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி லோயர் கேம்ப் என்றேன். ஓட்டுநர் பேச்சுக்காரர்.

"மேல மழையாம்ல டீச்சர். தோட்டத்துல வேலையில்லன்னு ஜீப்பெல்லாம் இப்பவே எறங்குது. நம்ம பக்கம் ஒரு சொட்டு இருக்கா பாருங்க."

மழை. ரோடு நனைந்திருக்கும். அந்த நினைப்பு அதுவரை எனக்கு வந்திருக்கவில்லை.

"ஒரு மணி நேரத்துக்கு முந்தி ஒரு வண்டி போச்சு பாத்தீகளா? செவப்பா, தரையோட தரையா. ஒரு பிள்ளையும் ஒரு பெரியாளும். என்னா சத்தங்கிறீக! அந்தப் பிள்ள முடி பறக்குது, சினிமாதான். யாரு வீட்டுப் பிள்ளையோ."

 "கொஞ்சம் வேகமாப் போங்க" என்று மட்டும் சொன்னேன். சொன்னதும் என் வலது கால் ஆட்டோவின் தகரத்தை அழுத்தி மிதிப்பதைக் கவனித்தேன். இப்போதும் பேருந்தில் உட்கார்ந்தால் அந்தக் கால் அப்படித்தான் செய்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சில சமயம் குனிந்து பார்க்கிறார்கள்.

லோயர் கேம்ப்பில் மின்நிலையத்தைத் தாண்டி, சாலை மலைக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. அங்கே இறங்கினேன். மலைச்சரிவில் தண்ணீர்க் குழாய்கள் நேராக மேலே போய் மேகத்துக்குள் மறைந்தன. கீழே சுள்ளென்று வெயில். இறங்கி வந்த லாரிகளின் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒவ்வொரு வண்டி வரும்போதும் அதன் முன்சக்கரத்தைத்தான் பார்த்தேன். வளைவில் அது நிதானமாக வருகிறதா, தன் போக்கில் வருகிறதா என்று. ஒரு வண்டியைக்கூட அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

கடைக்காரர் டீ வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்காமலே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. மகளின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் மணி அடித்தது. தொடர்பு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை.

கேரளாப் பதிவெண் உள்ள காய்கறி வேன் ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் டீக்குச் சொல்லிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டினார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"மேல ஒரு செவப்புக் கார் பாத்தீங்களா?"

"ஒரு வண்டி நிக்குன்னு சேச்சி. ஓரத்துல இறங்கிட்டு. ஆளுக சுத்தி நிக்காங்க, ஒரு ஜீப்பும் உண்டு. செவப்பா கறுப்பா, அது ஞான் பாத்தில்ல. நல்ல மழயாணு."

"எந்த ஓரம்?"

"என்னா?"

"மலைப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா?"

அவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "அறியில்ல சேச்சி" என்றார், மெதுவாக. "ஆளுக இருந்தாங்க. ஆளுக இருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

ஆட்கள் எதற்குக் கூடுவார்கள் என்று எனக்குத் தெரியும். 

பட்டறைக்காரர் பைக்கில் வந்தார். நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்து, "மேல ஒரு ஜீப்புக்காரருட்ட பேசிட்டேன், அங்கனதான் இருக்காரு. லைன் கட்டாயிருச்சு. நீங்க இங்கனயே இருங்க" என்று கத்திக்கொண்டே போய்விட்டார். என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லவில்லையா, தெரியாமல் சொல்லவில்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தலைக்கவசம் போட்டிருந்தார்.

கணவரின் பெயரைத் திரையில் எடுத்துவைத்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வது? உங்கள் மகள் என்று தொடங்கினால் அடுத்த சொல் என்ன? திரையை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன்.

அந்தச் சாலையில் யாரும் நடக்க மாட்டார்கள். வண்டிகள் ஒலிப்பானை அடித்து என்னை ஓரத்துக்குத் தள்ளின. முதல் வளைவுக்கு வந்ததும் என்னை அறியாமல் தடுப்புச்சுவர் மேல் குனிந்து கீழே பார்த்தேன். புதரும் பாறையும் பிளாஸ்டிக் பாட்டில்களும். சிவப்பாக ஏதோ கிடந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், யாரோ எறிந்த பழைய துண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது இன்னொரு எண்ணம் வந்தது. பிரேக் பிடிக்காமல் போன அந்த நொடியில் அவள் என்ன நினைத்திருப்பாள்? தன் கையால் செய்த வேலையில்தான் கோளாறு என்று நினைத்திருப்பாள். இரண்டு வருடம் பார்த்துப் பார்த்துச் செய்தது தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே போயிருப்பாள். உண்மையைச் சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்காது.

அடுத்த வளைவுக்கு நான் போகவில்லை. போக முடியவில்லை. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது.

முதலில் கேட்டது பெண்களின் குரல்.

"போடு, போடு, கல்லப் போடு!"

"ஏத்தா, அந்தப் பக்கம் போ! காலு சிக்கிராம!"

"எடு! இப்ப எடு! மெதுவா, மெதுவா!"

வளைவைச் சுற்றி ஒரு ஜீப்பின் மூக்கு தெரிந்தது. நடக்கிற வேகம்கூட இல்லை. ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றுகிற ஜீப், ஆனால் உள்ளே யாரும் இல்லை. அதன் பின்புறம் ஒரு டயரைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அந்த டயரில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு, ஜீப்பையே பிரேக்காக வைத்து, பின்னால் சிவப்புக் கார் வந்தது. காருக்கு இரண்டு பக்கமும் தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, ஆளுக்கொரு கல்லோடு நடந்து வந்தார்கள். ஜீப் நிற்கும்போதெல்லாம் கார்ச் சக்கரத்தின் அடியில் கல்லை வைத்தார்கள். கிளம்பும்போது எடுத்தார்கள். பட்டறைக்காரர் கார்க் கதவின் மேல் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்தார்.

என் மகள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். முடி முழுக்க நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. கண்கள் ஜீப்பின் டயரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. என்னைக் கடந்துதான் போனாள், என்னைப் பார்க்கவில்லை. நானும் அந்தப் பெண்களோடு சேர்ந்து நடந்தேன். யாரோ என் கையில் ஒரு கல்லைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

சமதளத்துக்கு வந்ததும் ஜீப்புக்காரர் குதித்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். அந்த ஜீப்புகள் பறக்கிற வேகத்தைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் நான் பேசாத பேச்சில்லை. அவர் பட்டறைக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே, எவன்டா இதுக்குப் பிரேக் மாட்டுனவன்? அவன் கையக் கொண்டா, நான் ஜீப்ப ஒருதரம் அது மேல ஏத்திக்கிறேன். அந்தப் பிள்ள கியரப் போட்டு மலைப் பக்கத்து ஓடையில ஒரசி நிறுத்தலன்னா இந்நேரம் கயிறு கட்டித் தேடிக்கிட்டு இருப்போம்டா!"

பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

"அவரு மேல தப்பில்ல" என்றேன். "நான்தான் மாட்டச் சொன்னேன்."

"நீங்க யாரு?"

"அந்தப் பிள்ளையோட அம்மா."

கல்லை வைத்திருந்த ஒரு பெண் அதைக் கீழே போட்டாள். "பெத்தவளா? ஏத்தா, சொந்தப் பிள்ள ஓட்டுற வண்டிக்கா?"

"விடு, விடு" என்றாள் இன்னொருத்தி. "மொகத்தப் பாரு, பேயறஞ்ச மாதிரி நிக்குது. தண்ணி குடு அதுக்கு."

மகள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முயன்றுகொண்டிருந்தாள். விரல்கள் விரியவில்லை. ஒவ்வொன்றாக நான் பிரித்து விட்டேன். ஐஸ்போலக் குளிர்ந்திருந்தன. அவளைத் தொட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

"போன எடுத்திருக்கக் கூடாதாத்தா? எத்தன தடவ அடிச்சேன்."

"பாத்தேன். ஒம் பேரு வந்துக்கிட்டே இருந்துச்சு. எடுத்து என்னன்னு சொல்ல? நீ பயப்படுறதயும் சேத்து நான் பாக்க முடியாதும்மா அப்ப."

"அந்தப் பிரேக்க நான்தான்..."

"தெரியும்." அவள் குரலில் கோபம் இல்லை. "மூணாவது வளைவுல மிதிச்சதுமே தெரிஞ்சுருச்சு, இது நான் மாட்டுனது இல்லன்னு. செட்டுக்கு இன்னொரு சாவி ஒங்கிட்டதான இருக்கு." கதவைத் திறக்காமல் அதன்மேல் காலைத் தூக்கிப்போட்டு இறங்கி, அந்தப் பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

எல்லோருக்கும் கடைசியாக அவர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். மறுபடி அந்தக் காரில் உட்கார மாட்டேன் என்று மலை முழுக்க நடந்தே இறங்கியிருக்கிறார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையிலிருந்த பைலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"ஃபோன்ல பேசினது நீங்கதானுங்களா?"

"ஆமா. வேற வண்டிச் சாமான் இருந்தாக் கழிச்சுக்குவேன்னு சொன்னீங்க. அதனாலதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி ஈரச் சட்டையிலேயே துடைத்தார். அது துலங்கவில்லை. அப்படியே போட்டுக்கொண்டார்.

"அது எஞ்சினுக்கு, மீட்டருக்கு, சீட்டுக்குங்க மேடம். பிரேக்குக்கும் டயருக்கும் அந்தக் கணக்கு கிடையாது. நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். விலையை மேல டீக்கடையிலயே எழுதிட்டேன், பாப்பா சொன்ன பத்து லட்சத்துக்கு மேலதான் வருது. ஜீப்புப் பிரேக்கா இருந்திருந்தா, பத்திரமா ஓட்டலாம்னு இன்னும் ஒரு அம்பதாயிரம் சேத்தியே எழுதியிருப்பேனுங்க."